மூன்றாவது கம்பியை இழுத்துப் பாருங்கள்

“அங்கிள், ப்ளூஸ் வாசிக்கணும். எந்த கிட்டார் வாங்கலாம்?”

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். மீதிப் பேர் தப்பான கிட்டாரை வாங்கிவிட்டு, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். பெங்களூரு அல்சூரில், ஏரிக்கரை திருவள்ளுவர் சிலையிலிருந்து நடக்கிற தூரத்தில் என் வீடு. எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலையில் 34 வருஷம் ஃபிட்டர் வேலை. ஓய்வுக்குப் பிறகு மொட்டை மாடி அறையில் ஒரு வைஸ், நாலைந்து அரம், இடைவெளி அளக்கிற ஒரு ஃபீலர் கேஜ் வைத்துக்கொண்டு தெரிந்தவர்களின் கிட்டார்களைச் சரிசெய்து தருகிறேன். காசு வாங்குவதில்லை. எனக்கு ஒரு செட் கம்பி வாங்கி வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிப்பது வெகுநாள் பழக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் மட்டும் எனக்கென்று நானே தேடிக்கொண்ட வியாதி.

இந்தத் தடவை கேட்டது திருநெல்வேலிப் பையன். ஒயிட்ஃபீல்டில் வேலை, எங்கள் தெருவில் பி.ஜி.யில் தங்கியிருக்கிறான். கையில் 30,000 ரூபாய். இரண்டு மாதமாகப் படித்துத் தள்ளியிருக்கிறான். ஆல்டர் மரமா, மஹோகனியா, மேப்பிள் ஃப்ரெட்போர்டா, ரோஸ்வுட்டா என்று எல்லாம் தலைகீழ்ப் பாடம். “கடையில் எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தாயா?” என்று கேட்டேன். இல்லை என்றான். அங்கேதான் கோளாறு.

அவனிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். எந்த எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்தாலும், சத்தத்தைப் பெருக்குகிற பெட்டியான ஆம்ப்பில் முதலில் சொருகாதீர்கள். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிகள்தான் ஃப்ரெட்; கம்பிகளை மெல்லியதிலிருந்து எண்ண வேண்டும். சுருதி சேர்த்துவிட்டு, மூன்றாவது கம்பியை ஏழாவது ஃப்ரெட்டில் மோதிர விரலால் அழுத்துங்கள். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே கம்பியில் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். இப்போது மேல்நோக்கித் தள்ளி, ஒரு முழு ஸ்வரம் ஏற்றுங்கள். அங்கே இருப்பது டி (D) ஸ்வரம். அது ஈ (E) ஆக வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்க இரண்டாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டைத் தட்டினால் போதும், அதுவும் அதே ஈதான். ஏற்றிய இடத்தில் நான்கு எண்ணும்வரை பிடித்து வைத்து, மெல்ல ஆட்டி, இறக்குங்கள். இறக்கிய பிறகு அந்தக் கம்பியை வெறுமனே தட்டி, சுருதி கலைந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இதே வேலையைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு தடவை, பதினைந்தாவதில் ஒரு தடவை. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ப்ளூஸுக்கு அந்த கிட்டார் ஆகுமா ஆகாதா என்பதில் முக்கால்வாசி இதிலேயே தெரிந்துவிடும்.

ஏன் இந்த இழுப்புக்கு இத்தனை மரியாதை என்பதை எனக்குப் புரியவைத்தது எந்த அமெரிக்கரும் இல்லை, எதிர்வீட்டு மாமி. வீணை வாசிப்பவர். என் மாடி அறை ஜன்னலும் அவர் வீட்டு ஜன்னலும் ஒன்றையொன்று பார்த்திருக்கும். ஒரு நாள் நான் ஒரே இழுப்பைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து குரல் வந்தது: “ஏன் சார், அது சாதாரண காந்தாரமா, அந்தர காந்தாரமா? எதுலயும் நிக்க மாட்டேங்கறதே!”

அவர் குறையாகச் சொன்னார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாதாரண காந்தாரத்துக்கும் (மேற்கில் மைனர் தர்டு) அந்தர காந்தாரத்துக்கும் (மேஜர் தர்டு) நடுவே எங்கேயோ தொங்குகிற ஸ்வரத்தைத்தான் ப்ளூ நோட் என்கிறார்கள். அது பியானோவில் இல்லை. கிட்டாரிலும் ஃப்ரெட்டில் இல்லை; கம்பியைத் தள்ளித்தான் அங்கே போக முடியும். மாமி வீணையில் மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் போடுவதும் அதே கை வேலைதான். அவருக்கு மெழுகில் பதித்த உயரமான பித்தளை மெட்டுகள், எனக்குத் தட்டையான ஃப்ரெட்டுகள், அவ்வளவுதான் வித்தியாசம். மாமி வீணை வாங்கும்போது குடத்தின் நிறத்தைப் பார்த்தா வாங்கியிருப்பார்?

சரி, இழுப்பு நன்றாக வர கிட்டாரில் என்னென்ன வேண்டும்?

முதலில் கம்பி. ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கை நாங்கள் ஒர்க்ஷாப்பில் ‘தௌ’ என்போம். கிட்டார் உலகத்திலும் அதே கணக்குதான். ‘டென்’ செட் என்றால் மெல்லிய கம்பி பத்து தௌ தடிமன், ‘நைன்’ செட் என்றால் ஒன்பது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 9-42 அல்லது 10-46. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வாகன் பதின்மூன்று போட்டாரே என்று கேட்பார்கள். போட்டார்தான். கூடவே அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி வைத்தார், விரல் நுனி பிய்ந்தது. அந்தக் கை அவருக்கு இருந்தது. இன்னொரு ப்ளூஸ் ஜாம்பவான் பி.பி. கிங் மெல்லிய பக்கத்தில் பத்துதான் போட்டார். அவர் சத்தம் யாருக்கும் மெலிந்து கேட்கவில்லை.

இன்னொன்று. பழைய கிட்டார்களில் சில சமயம் அக்கூஸ்டிக் கம்பியை மாட்டி விற்றுவிடுகிறார்கள். மூன்றாவது கம்பியைப் பாருங்கள். அதன் மேல் சுற்றுக் கம்பி இருந்தால் அதை இழுக்கவே முடியாது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பிலும் வெண்கலக் கம்பி சரியாகக் கேட்காது. கிட்டார்மேல் குற்றம் சொல்லாதீர்கள். கையில் ஒரு புது செட் கொண்டுபோய் மாட்டிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

அடுத்தது நீளம். தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்குகிற நட்டிலிருந்து உடம்பில் தாங்குகிற பிரிட்ஜ் வரை கம்பி அதிர்கிற நீளம் ஃபெண்டர் கம்பெனி வகைகளில் 25.5 அங்குலம், கிப்சன் வகைகளில் 24.75. முக்கால் அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அதே கம்பி, அதே சுருதி என்றால் குட்டை நீளத்தில் இழுவிசை சுமார் 6 விழுக்காடு குறையும். விரல் அதை உடனே கண்டுபிடித்துவிடும். எனக்கு இடது மணிக்கட்டில் பழைய அடி ஒன்று இருக்கிறது, அதனால் நான் குட்டை நீளக்காரன். நீள ஸ்கேலில் கம்பி விறைப்பாக நிற்கும், தட்டியதும் பளிச்சென்று பதில் சொல்லும். அது பிடித்துப்போனவர்கள் அதை விடவே மாட்டார்கள்.

மூன்றாவது, ஃப்ரெட்போர்டின் வளைவு. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஃப்ரெட்போர்டு தட்டையான பலகை இல்லை, பீப்பாயின் முதுகு மாதிரி லேசாக வளைந்திருக்கும். பழைய ஃபெண்டர்களில் இந்த வளைவின் ஆரம் 7.25 அங்குலம், அதாவது நல்ல வளைவு. இப்போது வருகிற பல ஃபெண்டர், ஸ்குவயர்களில் 9.5. கிப்சன், எபிஃபோன் 12. யமஹா பசிஃபிகாவில் இன்னும் தட்டை, 13.75. வளைவு அதிகமாக இருந்து கம்பியும் தாழ்வாக இருந்தால், மேல் ஃப்ரெட்டுகளில் இழுக்கும்போது கம்பி வளைவின் உச்சியில் போய் அடுத்த ஃப்ரெட்டில் மோதும். சத்தம் தேயாது, பட்டென்று செத்துப்போகும். பதினைந்தாவது ஃப்ரெட்டில் இழுத்துப் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். அப்படிச் செத்தால் கம்பியைக் கொஞ்சம் உயர்த்திப் பார்க்கலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் முதல் கம்பிக்கு ஒன்றரையிலிருந்து 1.8 மில்லிமீட்டர், ஆறாவதுக்கு 2 மில்லிமீட்டர் என்பது நான் வைக்கிற அளவு. கம்பியின் இந்த உயரத்துக்குத்தான் ஆக்‌ஷன் என்று பெயர். “ஆக்‌ஷன் ரொம்பக் கீழே வேணும் அங்கிள்” என்று கேட்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. கம்பிக்கு அடியில் விரல் நுனி கொஞ்சம் நுழைய இடம் இருந்தால்தான் இழுக்கும்போது பிடி கிடைக்கும், இல்லாவிட்டால் வழுக்கும்.

நான்காவது நட். இழுத்து இறக்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்தால் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது. மெல்லிய பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் தேய்த்தாலே பாதி சரியாகிவிடும். இதற்காக ஒரு நல்ல கிட்டாரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி என் சொந்த முட்டாள்தனம். 1994-இல் ஒரு கடையில், கூரான கொம்புகள் வைத்த கறுப்பு கிட்டார் ஒன்றைப் பார்த்து மயங்கி, போனஸ் பணத்தை அப்படியே கொடுத்து வாங்கினேன். அதில் மிதக்கிற ட்ரெமலோ பிரிட்ஜ், கம்பிகளைப் பூட்டுகிற நட், எல்லாம் ஹெவி மெட்டலுக்கான சாமான். வீட்டுக்கு வந்து ஒரு கம்பியை இழுத்து, கூடவே இன்னொரு கம்பியைத் தட்டினால் கர்ணகடூரம். மூன்று மாதம் என் காதுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மெஷின் ஷாப் இரைச்சலில் காது போய்விட்டதோ என்று டாக்டரிடம்கூடப் போய்வந்தேன்! பிறகு ஒரு நாள் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அந்த பிரிட்ஜ் ஒரு பக்கம் கம்பிகளும் மறுபக்கம் ஸ்பிரிங்குகளும் பிடித்து இழுக்கிற தராசு. ஒரு கம்பியைத் தள்ளினால் பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது, மீதி ஐந்தும் இறங்கிவிடுகிறது. ஃபிட்டருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டாமா?

அதனால் ப்ளூஸுக்கு அசையாத பிரிட்ஜ் உத்தமம். ஆடுகிற பிரிட்ஜ் உள்ள ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வகைதான் பிடித்திருக்கிறது என்றால் பரவாயில்லை. பின்னால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களை இறுக்கினால் பிரிட்ஜ் உடம்போடு ஒட்டி நின்றுவிடும். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்டில் மரக்கட்டையை வைத்தே அடைத்துவிட்டார்.

பிக்கப் பற்றி ஆளாளுக்குப் பேசுவார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். சிங்கிள் காயில் என்றால் கண்ணாடி மாதிரி தெளிவு, கூடவே இரைச்சல். ஹம்பக்கர் இரண்டு காயில்களை எதிரெதிராகச் சுற்றி அந்த இரைச்சலை அடித்துவிடுகிறது. சத்தம் தடிமனாக, உருண்டையாக வரும். கிப்சன் கம்பெனிக்காக அதை 1955 வாக்கில் வடிவமைத்தவர் சேத் லவர். இரண்டுக்கும் நடுவில் பி-90 என்று ஒன்று. 1946-லிருந்து இருக்கிறது, சிங்கிள் காயில்தான், ஆனால் கொஞ்சம் தொண்டை கட்டிய குரல். எனக்குப் பிடித்தது அதுதான். உங்களுக்கும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இரைச்சல் என்றதும் நம் ஊர் சமாச்சாரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கர்கள் ‘சிக்ஸ்டி சைக்கிள் ஹம்’ என்று எழுதுவார்கள், அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இங்கே 50. ஐம்பதும் அதன் இரட்டிப்பான நூறும் ஏறக்குறைய ஜி (G) ஸ்வரத்தில் போய் விழுகின்றன. ஆக, பெங்களூரு வீட்டில் உங்கள் கிட்டார் சும்மா இருக்கும்போதும் மூன்றாவது கம்பியின் சுருதியில் தம்பூரா போட்டுக்கொண்டிருக்கும், துளி ஏற்றமாக. ஃபேன் ரெகுலேட்டர், யு.பி.எஸ்., பழைய ட்யூப்லைட் சோக் எல்லாம் அதோடு கூட்டுச் சேரும். கிட்டாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்பி நில்லுங்கள். ஒரு திசையில் இரைச்சல் குறையும். அங்கே நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? அது நல்லது, உள்ளே எர்த் இணைப்பு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் சுவரில் எர்த் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வாடகை வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. கிட்டார் கம்பி ஆம்ப்பின் உடம்போடு இணைந்திருக்கிறது; அந்த உடம்பில் கசிவு வந்தால் போய்ச் சேர வேறு இடமில்லாமல் உங்கள் கை வழியாகத்தான் வரும். ஆம்ப்பின் உலோகப் பகுதியில் டெஸ்டரை வைத்துப் பார்த்து, விளக்கு எரிந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விளையாட்டில்லை.

“அப்போ ப்ளூஸுக்கு உண்மையான கிட்டார் எது?” என்று பையன் விடாமல் கேட்டான். அப்படி ஒன்றும் இல்லையப்பா. மட்டி வாட்டர்ஸும் ஆல்பர்ட் காலின்ஸும் வாசித்தது ஃபெண்டரின் டெலிகாஸ்டர். பட்டி கை (Buddy Guy) வாசித்தது ஸ்ட்ராட். ஃப்ரெடி கிங் தங்க நிற கிப்சன் லெஸ் பாலில் தொடங்கினார். ஆல்பர்ட் கிங் இடதுகைக்காரர். வலதுகை கம்பி வரிசையிலேயே ஃப்ளையிங் வி கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, எல்லோரும் மேலே தள்ளுகிற கம்பியைக் கீழே இழுத்தார். ஹவுண்ட் டாக் டெய்லர் வைத்திருந்தது மலிவான ஜப்பானிய கிட்டார். பி.பி. கிங்கின் ‘லூசில்’ ஒரே கிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். 1949-இல் அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் ஒரு நடன அரங்கம் தீப்பிடித்தபோது, தன் கிட்டாரை எடுக்க அவர் திரும்ப உள்ளே ஓடினார். தீக்குக் காரணம் லூசில் என்ற பெண்ணுக்காக இரண்டு பேர் போட்ட சண்டை. அதற்கப்புறம் வாசித்த ஒவ்வொரு கிட்டாருக்கும் அவர் அந்தப் பெயரையே வைத்தார்.

லூசில் என்றதும் நினைவுக்கு வருகிறது, செமி ஹாலோ. 1958-இல் வந்த கிப்சன் ஈ.எஸ்-335 வகை, இரண்டு பக்கமும் குடைந்து நடுவில் மரக்கட்டை வைத்தது. ப்ளூஸ் என்றாலே அந்த உருவம்தான் பலருக்குக் கண்ணில் வரும். சத்தத்தை ஏற்றினால் ஊளையிடும், பி.பி. கிங் எஃப் வடிவத் துளைகளில் துணியை அடைத்து வாசித்தார், பிறகு கிப்சன் அவருக்காகவே துளையில்லாமல் செய்துகொடுத்தது. பி.ஜி. அறையில் அந்தப் பிரச்சினை வராது, பக்கத்து அறைக்காரன் அதற்கு முன்பே கதவைத் தட்டிவிடுவான். ஆம்ப் இல்லாமலே ஓரளவு கேட்கும் என்பது இதில் ஒரு வசதி, ராத்திரி பதினொரு மணிக்கும் வாசிக்கலாம். ஆனால் பெட்டி பெரிது, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ள முடியாது.

2011-இல் மும்பை மெஹபூப் ஸ்டூடியோவில் பட்டி கை வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டு உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறினேன். அங்கே நான் பார்த்தது அவர் இடது கையை அல்ல, வலது கையின் சுண்டு விரலை. கிட்டார் ஒரு நொடி கிசுகிசுக்கும், அடுத்த நொடி கத்தும். அந்தத் தாழ்வு ஏற்றம் முழுக்கக் கையழுத்தத்திலும் வால்யூம் குமிழிலும் இருந்தது. ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, என் கிட்டாரின் குமிழ்களைப் பிரித்துத் துடைத்தது. வாங்கும்போது வால்யூமைப் பத்திலிருந்து மெல்ல மூன்றுக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் படிப்படியாகக் குறைய வேண்டும். எட்டுக்கு வந்ததுமே காணாமல் போனால் குமிழ் மட்டம். கரகரவென்று வந்தால் பயப்பட வேண்டாம், எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற எஸ்.பி. ரோட்டில் கான்டாக்ட் க்ளீனர் ஒரு டப்பா வாங்கி அடித்தால் போய்விடும்.

பணத்தைப் பங்கு போடுவது பற்றி. பையன் முப்பதாயிரத்தையும் கிட்டாரிலேயே போட நினைத்தான். கிட்டாருக்கு இருபது, ஆம்ப்புக்கு எட்டு, மிச்சத்தில் கேபிள், கம்பி, ட்யூனர் என்று பிரித்துக் கொடுத்தேன். எலெக்ட்ரிக் கிட்டாரில் பாதி வாத்தியம் ஆம்ப்தான். நூறு எஃபெக்ட் உள்ள பெட்டி வேண்டாம். 10 அல்லது 20 வாட்டில், சுத்தமான சத்தம் நன்றாக வருகிற சின்ன ஆம்ப் போதும். கடையில் விற்பனையாளர் ஆம்ப்பில் எக்கோவும் ரிவெர்பும் ஏற்றி வாசித்துக் காட்டுவார். அதில் தகர டப்பாகூட இனிக்கும். எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லிவிட்டு நீங்களே வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதே என்று கூச்சப்படாதீர்கள். அந்த ஒரு இழுப்பு போதும்.

இருபதுக்குப் புதிதாகவும் கிடைக்கும், ஆனால் பழையதில் ஒரு படி மேலே கிடைக்கும். பழைய சாமான் விற்கிற செயலியில் ஒரு ஸ்குவயர் டெலிகாஸ்டர் கண்ணில் பட்டது. ஒரு சனிக்கிழமை மெட்ரோ பிடித்து ஒயிட்ஃபீல்ட் பக்கம் பதினோராவது மாடி வீடு ஒன்றுக்குப் போனோம். விற்கிறவர் வெளிநாடு போகிறார். பெட்டிகளுக்கு நடுவில் கிட்டார் சோபாவில் படுத்திருந்தது.

நான் பையிலிருந்து ஃபீலர் கேஜையும், ஹாக்ஸா பிளேடை முறித்து விளிம்பை நேராகத் தேய்த்து வைத்திருக்கும் துண்டையும் எடுத்தேன். விற்கிறவர் முகம் மாறியது. முதலில் கழுத்து. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் கம்பியே நேர்கோடு ஆகிவிடும். ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் பத்து தௌ இடைவெளி இருக்க வேண்டும். கேஜ் இல்லையென்றால் விசிட்டிங் கார்டு ஒன்றை நுழைத்துப் பாருங்கள். லேசாகச் சிரமப்பட்டு நுழைந்தால் சரி. இங்கே கார்டு ஓடி விளையாடியது. வில் மாதிரி வளைவு. கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்கிற இரும்புக் கம்பிதான் ட்ரஸ் ராட். அதை ஆலன் கீ போட்டுக் கால் சுற்றுத் திருப்பிக் கேட்டேன், அது பதில் சொன்னது, இடைவெளி குறைந்தது. அப்பாடா. ட்ரஸ் ராட் இறுகிப்போயிருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும், விலை எவ்வளவு குறைத்தாலும்.

அடுத்து பிளேடுத் துண்டை மூன்று மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து ஆட்டிக்கொண்டே போனேன். பதினான்காவதில் ‘டக் டக்’ என்றது. ஒரு ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. பன்னிரண்டில் இழுத்தால் அதில் போய் மோதிச் சாகும் என்று சொல்லிவிட்டு இழுத்துக் காட்டினேன், செத்தது. “நான் மேலே வாசிக்கிறதே இல்லை சார்” என்றார் பாவம். கீழ் ஃப்ரெட்டுகளில் இரண்டாவது, மூன்றாவது கம்பிக்கு அடியில் சின்னச் சின்னக் குழிகள், அவர் எங்கே வாசித்தார் என்பதற்கு அத்தாட்சி. ஆழமில்லை, தேய்த்துவிடலாம். ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் கையைக் கீறின. சென்னையிலிருந்து கொண்டுவந்தாராம். அங்கே ஈரக் காற்றில் ஊறிய மரம் இங்கே மார்ச் மாத வறட்சியில் சுருங்கும், ஃப்ரெட்டின் உலோகம் சுருங்காது, முனை வெளியே எட்டிப்பார்க்கும். அரத்தால் ஒரு மணி நேர வேலை.

இத்தனை குறை இருந்தும் ஏன் வாங்கச் சொன்னேன்? அதன் பிறகுதான் பையன் கையில் கொடுத்து ஏழாவது ஃப்ரெட்டில் இழுக்கச் சொன்னேன். இழுத்தான். சுருதி சரியாக வரவில்லை, கை புதிது. ஆனால் அந்த ஸ்வரம் நின்றது. ஆம்ப்பில் சொருகாமலே, மரம் அவன் வயிற்றில் அதிர்கிறது என்றான். அதுதான் நல்ல சகுனம். நான் பார்த்த குறை எல்லாம் அரமும் ஆலன் கீயும் தீர்க்கிற குறை. தீர்க்க முடியாதவை இவை மட்டும்தான்: முறுக்கிய கழுத்து, அசையாத ட்ரஸ் ராட், தலைப்பகுதி ஒடிந்து ஒட்டியது, உங்கள் கைக்குப் பொருந்தாத கழுத்துத் தடிமன். 17,000 சொன்னார், பதினான்காவது ஃப்ரெட்டைக் காட்டி 14,500-க்கு முடித்தோம்.

யாரும் கூட வராவிட்டால் புதிதே வாங்குங்கள். ஸ்குவயர் க்ளாசிக் வைப் வரிசை, யமஹா பசிஃபிகா 112, குட்டை நீளம் வேண்டுமென்றால் எபிஃபோன் லெஸ் பால். பசிஃபிகாவில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில். எது பிடிக்கும் என்றே தெரியாதவருக்கு அது வசதி. லெஸ் பால் வாங்குகிறவர்கள் பட்டையை மாட்டிக் கடையிலேயே பத்து நிமிஷம் நில்லுங்கள், நான்கு கிலோ தோளில் உட்காரும். “கிப்சன், பாதி விலை” என்று யாராவது கொண்டுவந்தால் தலைப்பகுதியில் ட்ரஸ் ராட் மூடியைப் பாருங்கள். அசலில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். போலிகளில் பெரும்பாலும் மூன்று.

டெலிகாஸ்டரை என் மாடிக்குக் கொண்டுவந்து, பழைய கம்பியைக் கழற்றி, ஒரு ஃப்ரெட்டைத் தட்டி உட்காரவைத்து, முனைகளைத் தேய்த்து, ஒன்பது நம்பர் செட் போட்டோம். ஆறு மாதத்துக்கு பிக்கப் மாற்றுகிறேன், குமிழ் மாற்றுகிறேன் என்று எதையும் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். பையன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மூன்றாவது கம்பியைப் பிடித்து இழுத்தான். மறுபடி இழுத்தான். ஐந்தாறு தடவை ஆகியிருக்கும்.

எதிர் ஜன்னல் திறந்தது. “கொஞ்சம் கம்மியா இருக்கு, இன்னும் இழு!” என்றார் மாமி.